பட்டியலின் முதற்பெயர் – குளோரிந்தா அம்மையார்

பாளையங்கோட்டையில் 1780-ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஒரு பெயர்ப்பட்டியலில் நாற்பது பெயர்கள் இருக்கின்றன. அப்போது அவ்வூரில் இருந்த சிறிய சீர்திருத்தக் கிறித்தவச் சபையின் மக்கள் அவர்கள். பதின்மூன்று சாதிகளைச் சேர்ந்தவர்கள். கோட்டைக்குள் ஆங்கிலப் படை தங்கியிருந்த காலம். அதைச் சார்ந்து பிழைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால் முதல் வரியில் இருக்கும் பெயர் ஒரு பெண்ணுடையது. குளோரிந்தா, பிராமண குலத்தவர். கணவனை இழந்தவர். அந்தச் சபையின் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் இந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

பாளையங்கோட்டைச் செய்தியை வத்திராயிருப்பிலிருந்து வருகிற மாணவி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்படும்வரை திருவில்லிபுத்தூர் வட்டமும் சாத்தூர் வட்டமும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன. நம் பாட்டனாருக்குப் பாட்டனாருக்குக் கச்சேரியும் கலெக்டரும் அந்தப் பக்கமே. எனவே குளோரிந்தா அம்மையார் நம் பழைய மாவட்டத்துக்காரர்தாம்.

எனக்கு இந்தப் பட்டியலின்மேல் பற்று வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. கல்லூரியில் சேரும்போது முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். பாட்டன் பாட்டி பெயர்களையும் அவர்கள் படிப்பையும் கேட்டார்கள். அப்பாவைப் பெற்றவர் பெயர் உடனே வந்தது. அவருடைய தகப்பனார் பெயரும் வந்தது. அவரைப் பெற்ற தாயின் பெயரை வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை. குலதெய்வம் கோவிலில் பங்காளிகள் கூடும்போது வரிசையாகச் சொல்லப்படுவன ஆண்களின் பெயர்களே. பிறந்த நாளும் அப்படித்தான். பிளவக்கல்லில் அணை வேலை நடந்தபோது அம்மா கைக்குழந்தை என்று ஆச்சி சொல்வார். சான்றிதழில் இருக்கும் தேதி, பள்ளியில் சேர்த்த அன்று எழுதிக்கொண்டது. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவளுக்கு, இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு விதவையின் பெயரை முதல் வரியில் எழுதி வைத்தார்கள் என்பது வியப்பாகத்தான் இருந்தது.

ஆங்கிலேயருக்கு இதில் வியப்பு இருக்காது. 1538-இல், எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சராயிருந்த தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்குக் கோவிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அரசாங்கமே பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்கியது 1837-இல்தான். ஆகவே இடைப்பட்ட முந்நூறு ஆண்டுக் காலத்து முன்னோரைத் தேடுகிற ஆங்கிலக் குடும்பம் கோவில் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். பேரனின் ஞானஸ்நானத்தில் தகப்பன் பெயரைக் கண்டு, அந்தத் தகப்பனின் திருமணத்தைத் தேடி, பிறகு அவன் ஞானஸ்நானத்தைத் தேடி, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போவார்கள்.

இதில் சில கண்ணிகள் உண்டு. ஏட்டில் இருப்பது பிறந்த நாளன்று. தண்ணீர் தெளித்துப் பெயரிட்ட நாள். சேக்ஸ்பியர் 1564 ஏப்ரல் 26-இல் ஞானஸ்நானம் பெற்றார் என்பது மட்டுமே ஸ்ட்ராட்போர்டு பதிவேட்டில் உள்ளது. 23-இல் பிறந்தார் என்பது பின்னால் வந்தோர் கணித்துக்கொண்டது. ஒரே ஊரில் ஒரே பெயருடையோர் பலர் இருப்பர். அவர்களில் யார் நம்மவர் என்று முடிவு செய்ய அடக்கப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். குழந்தையாகவே இறந்துபோன ஒருவனைத் தம் முன்னோனாக எழுதிக்கொள்ளும் பிழை அப்போதுதான் தப்பும். 1813 முதல் அச்சிட்ட படிவங்கள் வந்தன. அவற்றில் பெற்றோர் பெயர், ஊர், தகப்பனின் தொழில் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. அதற்கு முற்பட்டவற்றில் எழுதுகிற குருவானவரின் மனம் போனபடிதான் விவரம் கிடைக்கும். தாயின் பெயரை விட்டுவிட்டவர்களும் உண்டு.

இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் இந்தப் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி கோவில் 1680 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கடுத்த வாரமே, நவம்பர் 4-இல், அங்கே முதல் திருமணம் பதிவாயிற்று. மணமகன் எலிகு யேல். பின்னாளில் சென்னையின் கவர்னரானவர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர். இத்தகைய பதிவுகளின் படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. சென்னை மாகாணத்தில் வாழ்ந்து மடிந்த தம் முன்னோரைத் தேடும் ஆங்கிலக் குடும்பங்கள் அங்கேதான் போகின்றன. தேடுகிறவர்களில் சிலருக்கு, தம் பாட்டிமாருள் ஒருத்தி இந்தியப் பெண் என்பது அப்போதுதான் தெரியவரும். கல்கத்தாவுக்கு அடிகோலிய ஜாப் சார்னாக்கின் மூன்று பெண்கள், மேரி, எலிசபெத், கேத்தரின் ஆகியோர், 1689 ஆகஸ்டு 19-இல் புனித மேரி கோவிலில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களுடைய தாய் ஒரு இந்துப் பெண். கணவனின் சிதையிலிருந்து சார்னாக்கால் காப்பாற்றப்பட்டவள் என்று கதை சொல்வார்கள். பெண்கள் மூவரும் ஆங்கிலேயரை மணந்தனர். அவர்கள் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன; அந்தத் தாயைப் பெற்றவர்கள் அவளுக்கு இட்ட பெயர் வரலாற்றில் இல்லை.

ஏறத்தாழ இதே கதைதான் நூறாண்டு கழித்துக் குளோரிந்தா அம்மையாரைப் பற்றியும் சொல்லப்படுகிறது.

அவர் தஞ்சையைச் சார்ந்த மராட்டியப் பிராமணப் பெண். அக்காலத்தில் தஞ்சையை ஆண்டவர்கள் மராட்டிய மன்னர்கள். அவர்களோடு வந்து குடியேறிய குடும்பங்கள் பல. இளமையிலேயே கணவன் இறந்தான். உடன்கட்டையில் ஏற்றப்பட இருந்தவரை லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி மீட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. திருநெல்வேலிப் பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா 1915-இல் ஆங்கிலத்தில் எழுதிய கிளாரிந்தா நாவலும் அவ்வாறே சொல்கிறது. ஆங்கிலேயன் சிதையிலிருந்து தூக்கிக் காப்பாற்றினான் என்னும் கதை சார்னாக்குக்கும் லிட்டில்டனுக்கும் ஒன்றுபோலவே வழங்குவதைக் காணும்போது எனக்குச் சற்று ஐயம் பிறக்கிறது. கேட்பதற்குச் சுவையான கதை ஊர்விட்டு ஊர் செல்லும். ஆனால் ஐயமில்லாத பகுதி ஒன்று இருக்கிறது. அவர் லிட்டில்டனுடன் வாழ்ந்தார். ஆங்கிலம் கற்றார். கிறித்தவ சமயக் கருத்துகளை அவரிடமிருந்து தெரிந்துகொண்டார். லிட்டில்டன் பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்டபோது அவருடன் இங்கே வந்தார்.

அக்காலத்தில் தென்னாட்டில் ஊழியம் செய்த பெரியவர் சுவார்ட்ஸ் ஐயர். ஜெர்மானியர், 1726-இல் பிறந்து 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். தமிழ் நன்கு அறிந்தவர். ஐதர் அலியிடம் ஆங்கிலேயர் தூது அனுப்பியபோது அவரைத்தான் அனுப்பினர். பின்னாளில் தஞ்சை இளவரசர் சரபோஜிக்குக் காப்பாளராகவும் இருந்தார். இத்தகையவரிடம் அந்தப் பெண் ஞானஸ்நானம் கேட்டார். சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். மணம் செய்துகொள்ளாமல் ஓர் ஆடவனுடன் வாழ்கிறவளைச் சபையில் சேர்க்க இயலாது என்பது அவர் நிலை.

சுவார்ட்சின் நேர்மையைப் போற்றாதவர் இல்லை, நானும் போற்றுகிறேன். ஆயினும் இந்த இடத்தில் என் மனம் ஒப்பவில்லை. ஒரே வீட்டில் இருவர் வாழ்ந்தனர். ஆங்கிலேயரான லிட்டில்டன் குழந்தையிலேயே தம் நாட்டுப் பதிவேட்டில் ஏறியிருப்பார். அவரைக் கிறித்தவர் என்று யாரும் ஐயுறவில்லை. பிராமண வழக்கப்படி மறுமணத்துக்கு வழியில்லாத விதவையான அந்தப் பெண்மட்டும் வாசலில் நிறுத்தப்பட்டார். மணம் செய்துகொள்ளும் நிலையில் இருந்தவர் அந்த அதிகாரி. அவர் செய்துகொள்ளாததற்குத் தண்டனை அடைந்தவர் வேறு. பிறந்த குலமும் அவரைத் திரும்ப ஏற்காது. புதிய சபையும் ஏற்கவில்லை. அந்த ஆண்டுகளில் அவர் பெயர் எந்த ஏட்டிலும் இருந்திருக்க வழியில்லை.

லிட்டில்டன் பாளையங்கோட்டையிலேயே இறந்தார். அதன்பின் அம்மையார் விரும்பியிருந்தால் சமய நினைப்பை விட்டுவிட்டு எங்கேனும் மறைந்து வாழ்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1778-இல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது மறுபடியும் கேட்டார். இம்முறை தடை ஏதும் இல்லை. ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது, குளோரிந்தா என்ற பெயரும் இடப்பட்டது. அதற்குமுன் அவர் பெயர் கோகிலா என்பர்.

குளோரிந்தா என்பது விவிலியப் பெயரன்று. இத்தாலியக் கவிஞர் தாசோ பதினாறாம் நூற்றாண்டில் பாடிய, ஜெருசலேம் மீட்பைப் பற்றிய காவியத்தில் வரும் வீரப்பெண்ணின் பெயர் அது. அந்தக் காவியத்தில் அவள் கிறித்தவப் படைக்கு எதிராகப் போரிட்டு, அடிபட்டு வீழ்ந்து, சாகும் தறுவாயில் தன்னை வீழ்த்தியவன் கையாலேயே ஞானஸ்நானம் பெறுகிறாள். தஞ்சைப் பெண்ணுக்கு இப்பெயர் வந்து சேர்ந்தது வேடிக்கையான பொருத்தம். பெயரை எழுதுவதிலும் ஒற்றுமை இல்லை. குளோரிந்தாள் என்றும், கிளாரிந்தா என்றும், ராசக் கிளாரிந்தா என்றும் எழுதுவார்கள். பதிவேட்டில் தேடுகிறவர்கள் ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு தேடினால் அவரைத் தவறவிடுவர்.

இரண்டு ஆண்டு கழித்து எழுதப்பட்டதே நாற்பது பேர் பட்டியல். முதல் வரியில் அவர். அடுத்து வருவது ஹென்றி லிட்டில்டன் என்னும் பெயர். இவன் அம்மையாரின் வளர்ப்பு மகன். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். லிட்டில்டன் என்பது இங்கிலாந்தில் பழைய குடும்பப் பெயர். அப்பெயருடைய ஒருவர் இன்று இலண்டனில் உட்கார்ந்து தம் கிளையைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் 1780-இல் ஒரு ஹென்றி லிட்டில்டன் இருந்தான் என்று கண்டால் துள்ளிக் குதிப்பார். படை அதிகாரியின் பெயரோடு பொருத்தி, தகப்பன் மகன் என்று ஒரு கோடு இழுத்துவிடுவார். பெயருக்குப் பக்கத்தில் உள்ள குறிப்பைப் படித்தால்தான் அந்தக் கோடு நிற்காது என்பது தெரியும். ஆய்வுக்கூடத்தில் அளவுகோலில் முள் காட்டுகிற எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு, அலகை எழுத மறந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும்.

அந்தப் பட்டியலில் இன்னொரு குறிப்பும் எனக்கு உறுத்துகிறது. ஒரே சபை, ஒரே பலகையில் அமர்ந்து செபிக்க வந்தவர்கள். ஆயினும் அவரவர் சாதி எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் பதின்மூன்று என்று இன்று எண்ணிச் சொல்ல முடிகிறது. நாற்பது பேருக்குள் அத்தனை சாதியாரும் ஓர் ஏட்டில் ஒன்றாக எழுதப்பட்டது அந்தக் காலத்தில் பெரிய செய்திதான். எழுதியவர்களால் சாதியை எழுதாமல் இருக்க முடியவில்லை என்பதும் செய்திதான்.

அதன்பிறகுதான் அம்மையாரின் உண்மையான ஊழியம் தொடங்குகிறது. சபைக்கு நிலையான குருவானவர் கிடையாது. சுவார்ட்ஸ் தஞ்சையில் இருந்தார். பாளையங்கோட்டைக்கு எப்போதோ ஒருமுறை வருவார். இருந்த சிறு கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைத்தவர் குளோரிந்தாதான். தொழுகைக்கு ஒரு கட்டடம் வேண்டும் என்று தாமே எழுப்பத் தொடங்கினார். தம் கையிருப்பைப் போட்டார். கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் சிலரிடமும் உதவி பெற்றார். 1785-இல் சுவார்ட்ஸ் மீண்டும் வந்து அந்தக் கோவிலை அர்ப்பணம் செய்தார். ஒரு காலத்தில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தவர், அவர் கட்டிய கோவிலில் நின்று வழிபாடு நடத்தினார். திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தச் சபையார் எழுப்பிய கோவில்களுள் மிகப் பழையது இதுவே. அவர் வெட்டுவித்த கிணற்றையும் ஊரார் சொல்வதுண்டு.

அதே 1785-ஆம் ஆண்டுப் பயணத்தில் சுவார்ட்ஸ் தஞ்சைக்குத் திரும்பும்போது தம்முடன் ஒரு சிறுவனைக் கூட்டிச் சென்றார். தேவசகாயம் என்னும் தமிழ்ப் புலவரின் மகன்; 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவன். இவனே பின்னாளில் சரபோஜி மன்னர் அவையில் விளங்கிய வேதநாயகம் சாஸ்திரியார். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். தமிழ் இலக்கியம் படிக்கும் நம் நண்பர்கள் அறிந்த பெயர். குளோரிந்தா கூட்டிவைத்த சிறு சபையின் சூழலிலிருந்து ஒரு கவிஞர் வந்தார் என்பது பலருக்குப் புதிதாக இருக்கலாம்.

சபை வளர்ந்தது. தஞ்சையிலிருந்து சத்தியநாதன் என்னும் தமிழர் உபதேசியாராக அனுப்பப்பட்டார். 1790-இல் அவர் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஜெர்மானியரான ஜேனிக்கே ஐயரும் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். 1799-இல் முதலூர் என்னும் கிறித்தவக் குடியேற்றம் உண்டாயிற்று. அதற்கடுத்த சில ஆண்டுகளில் நாட்டுப்புறங்களில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றனர். இவற்றையெல்லாம் சுருக்கமாகவே சொல்லிச் செல்கிறேன். சபை வரலாறுகளில் விரிவாக உண்டு.

அம்மையாரின் முதுமைக் காலம் நாட்டில் போர்க்காலம். கட்டபொம்மன் 1799-இல் தூக்கிலிடப்பட்டார். ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். வேறு புத்தகங்களில் படித்த நிகழ்ச்சிகள் இவை. அவை நடந்த அதே ஊரில்தான் இந்த அம்மையாரின் கோவிலும் நின்றது என்று நினைத்துப் பார்க்கும்போது, நாம் தனித்தனிப் பாடங்களாகப் படித்தவை ஒரே தெருவில் நடந்திருக்கின்றன என்பது புரிகிறது. 1806-இல் அவர் மறைந்ததாகச் சபை வரலாற்றார் எழுதுகின்றனர்.

பிறகு பல ஆண்டுகள் அவரை நினைப்பார் குறைவு. 1816-இல் படைக் குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்த ஹஃப் ஐயர், கவனிப்பாரற்றுக் கிடந்த சபைகளைத் திரட்டினார். 1820-இல் ரேனியஸ் ஐயர் வந்தார். பெரிய கோவில்களும் பள்ளிகளும் எழுந்தன. சிறிய கோவில் பின்னுக்குப் போயிற்று. அவரை மீட்டுக் கொண்டுவந்தவர் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்றே அவரை நாம் அறிவோம். இடையன்குடியில் பல்லாண்டு வாழ்ந்த அவர், 1881-இல் திருநெல்வேலிச் சீமையின் பொது வரலாறு ஒன்றும், சபையின் தொடக்கக்கால வரலாறு ஒன்றும் ஆக இரண்டு நூல்களை வெளியிட்டார். இரண்டாவது நூலுக்காகப் பழைய ஏடுகளையும் கடிதங்களையும் துருவினார். அப்போது அவர் கண்டெடுத்து எண்ணிச் சொன்னதே இந்த 1780-ஆம் ஆண்டுப் பட்டியல். சொற்களின் வேரைத் தேடிய அதே கண்தான் பெயர்களின் வேரையும் தேடியது போலும்.

குளோரிந்தாவைப் பற்றி ஏட்டிலிருந்து நமக்கு உறுதியாகக் கிடைப்பவை மிகச் சில: பெயர், குலம், ஓர் ஆண்டு, ஒரு வளர்ப்பு மகன். தகப்பன் பெயர் இல்லை, தாய் பெயர் இல்லை. தஞ்சையில் அவர் பிறந்த வீட்டில் அவரைக் கணக்கில் வைத்திருக்கமாட்டார்கள். முன்னோர்க்கு நீர் இறைக்கும்போது சொல்லும் பெயர்களிலும் அவருக்கு இடமில்லை. பின்னோக்கித் தேடிப் போகிற ஆங்கிலேயரின் முறை அவரிடம் வந்ததும் நின்றுவிடும். ஆனால் அவரிடமிருந்து முன்னோக்கி வரலாம். பட்டியலில் அவருக்குக் கீழே முப்பத்தொன்பது பெயர்கள். அவர்களின் பிள்ளைகள், பேரர்கள் பெயர்கள் அடுத்தடுத்த ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஏறின. நம் பக்கத்தில் சிவகாசி, சாட்சியாபுரம் வரையிலும் பின்னால் பரவிய சபைகளில் இப்படிப்பட்ட ஏடுகள் உண்டாயின. பிறப்பு இறப்புப் பதிவை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கிய சட்டம் வந்தது 1969-இல். அதற்குமுன் கூலிவேலை செய்த ஒரு குடும்பத்துப் பெண்குழந்தையின் பெயரும், அதைப் பெற்றவள் பெயரும், தேதியோடு ஓரிடத்தில் எழுதப்பட்டன என்றால் பெரும்பாலும் அது இத்தகைய ஏடாகவே இருக்கும். என் வகுப்புத் தோழி ஒருத்தி தன் சேகரத்துக் குருவானவரிடம் கேட்டு, கொள்ளுப்பாட்டியின் ஞானஸ்நான வரியைக் கண்டாள். அவளுக்கு ஐந்து தலைமுறைப் பெண்களின் பெயர்கள் தெரியும். எனக்கு மூன்று.

அம்மையார் கட்டிய கோவில் பாளையங்கோட்டையில் இன்றும் இருக்கிறது. அவ்வூர்ப் பக்கம் தேர்வுக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ செல்லும் நம் கல்லூரி மாணவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்து வரலாம். வழி கேட்கும்போது குளோரிந்தா கோவில் என்று கேட்டுத் தெரியவில்லை என்றால், பாப்பாத்தி அம்மாள் கோவில் என்று கேட்க வேண்டும். ஊரில் வழங்கும் பெயர் அதுதான்.